கொஸ்டாரிக்காவில் குடியமர்தல்: புறப்படுமுன் ஆயத்தம் செய்ய வேண்டியவை

தொழிலுக்காகவோ, மேற்படிப்புக்காகவோ, கணவன் அல்லது மனைவியுடன் இணைவதற்காகவோ கொஸ்டாரிக்காவுக்குச் செல்லவிருப்பவர்களுக்காக இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றாக இருந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் விதமாக இதைப் படியுங்கள். இறுதியிலுள்ள அப்பியாசத்தைத் தவறாது செய்யுங்கள்.

கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகும் ஒருவருக்கு அங்கே பெரும்பாலும் ஒரு மாமா, ஒரு ஒன்றுவிட்ட சகோதரி, அல்லது ஊர்ச் சங்கத்தில் ஒருவர் இருப்பார். அவர் விமான நிலையத்துக்கு வருவார், படிவம் நிரப்பித் தருவார், வைத்தியசாலைக்குக் கூட வருவார். கொஸ்டாரிக்காவில் அப்படி ஒருவரை எதிர்பார்க்க முடியாது. தலைநகர் சான் ஹோசேயில் இலங்கைத் தூதரகமும் இல்லை. வேறு நாடுகளில் உறவினர் செய்யும் வேலையை இங்கே இரண்டு விடயங்களே உங்களுக்குச் செய்து தர வேண்டும்: பிழையில்லாத ஆவணங்களும், கொஞ்சம் ஸ்பானிய மொழியும். இவ்விரண்டையும் இலங்கையில் இருக்கும்போதே ஆயத்தப்படுத்தலாம்.

1. நாட்டைப் பற்றிச் சில குறிப்புகள்

கொஸ்டாரிக்கா மத்திய அமெரிக்காவில், நிக்கராகுவாவுக்கும் பனாமாவுக்கும் இடையில் உள்ளது. அதன் பரப்பளவு ஏறத்தாழ 51,100 சதுர கிலோமீற்றர். இலங்கையை விடச் சற்றுச் சிறியது. சனத்தொகை சுமார் 50 இலட்சம். ஏழு மாகாணங்கள் உள்ளன. அரச மொழி ஸ்பானிய மொழி. உள்நாட்டுப் போர் ஒன்று முடிந்த 1948ஆம் ஆண்டின் டிசம்பரில் இந்நாடு தன் இராணுவத்தைக் கலைத்தது. 1949ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதை உறுதிப்படுத்தியது. எனவே வீதியில் நீங்கள் காணும் சீருடையினர் காவற்றுறையினரே. அவர்கள் அடையாள ஆவணத்தைக் கேட்டால் அமைதியாகக் காட்டுங்கள்.

சான் ஹோசே கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேலான உயரத்தில் இருப்பதால் அதன் காலநிலை பண்டாரவளையை நினைவூட்டும். கரிபியன் கரையிலுள்ள லிமோன் மாகாணம் வெப்பமும் ஈரமும் மிக்கது. நாட்டின் நடுப்பகுதியிலும் பசுபிக் கரையிலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி, மே முதல் நவம்பர் வரை மழை. மழைக்காலத்தில் காலை வெயிலாகவும் பிற்பகல் மழையாகவும் இருப்பது வழக்கம். அலுவலக வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கொஸ்டாரிக்காவின் நேரம் இலங்கை நேரத்துக்குப் பதினொன்றரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே காலை 6 மணி என்றால் இங்கே அன்று மாலை 5.30. வீட்டாருடன் பேசும் நேரத்தை இப்போதே ஒழுங்கு செய்துகொண்டால், இரவில் ஒலிக்கும் தொலைபேசியால் அம்மா பதற வேண்டியிராது.

2. பயண வழி

இலங்கைக் கடவுச்சீட்டில் செல்பவர்கள் வீசாவை முன்கூட்டியே பெற வேண்டும். இங்கிருந்து கிட்டவுள்ள கொஸ்டாரிக்கத் தூதரகம் புதுடில்லியில் உள்ளது.

பலர் மறந்துவிடும் விடயம், இடைவழி வீசா. இலங்கையிலிருந்து சான் ஹோசேக்கு நேரடி விமானம் இல்லை. அமெரிக்காவினூடாகச் சென்றால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அந்நாட்டின் வீசா வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விமானம் மாறும் இலங்கையர்களுக்கும் விமான நிலைய இடைவழி வீசா தேவைப்படும். சில நாடுகளின் வதிவிட அனுமதியோ வீசாவோ ஏற்கெனவே உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். கட்டிய பின் அறிந்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது.

எச்சரிக்கை: "கொஸ்டாரிக்காவில் இறங்கினால் போதும், அங்கிருந்து தரைவழியாக வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விடுவோம்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். காணியை ஈடுவைத்தும் தாலிக்கொடியை விற்றும் அவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். மத்திய அமெரிக்காவினூடான அந்தப் பாதையில் ஆட்கள் கொள்ளையிடப்பட்டிருக்கிறார்கள், காணாமற் போயிருக்கிறார்கள், இறந்திருக்கிறார்கள். ஆட்கடத்தலில் ஈடுபடுவோரிடம் கடவுச்சீட்டைக் கையளித்தவர், அந்த நேரம் முதல் தன் பயணத்தைத் தான் தீர்மானிக்க முடியாதவராகிறார்.

3. பெயர்: எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கட்டும்

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவே.

கொஸ்டாரிக்காவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. முதலில் தன் பெயர், அடுத்துத் தகப்பனின் முதற் குடும்பப் பெயர், அதன்பின் தாயின் முதற் குடும்பப் பெயர். திருமணமானாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. எல்லாப் படிவங்களும் இந்த முறைக்கே அமைந்தவை.

எங்கள் வழக்கம் வேறு. தகப்பன் பெயரை முன்னே வைத்து, தன் பெயரைப் பின்னே எழுதுகிறோம். முருகேசுவின் மகன் ரவி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக முருகேசு இருக்கும். அவருடைய பிள்ளைகளின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ரவி என்று இருக்கும். மனைவியின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பனாரின் பெயர் இருக்கலாம். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்கள்! எங்களுக்கு இது இயல்பு. ஆனால் இவ்வழக்கத்தை அறியாத உத்தியோகத்தர், "இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா?" என்று கேட்பார். அவர் அவமதிக்கவில்லை, அவர் முன்னாலுள்ள தாளில் உறவு தெரியவில்லை. அந்த உறவைக் காட்டுபவை திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுமே.

ஆகவே பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

முதலாவது, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பி, பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்றில் ஓர் எழுத்துக் கூடியும் மற்றொன்றில் குறைந்தும் இருப்பது எங்கள் ஆவணங்களில் சாதாரணம். பிறந்த திகதியையும் அவ்வாறே பாருங்கள். இடப்பெயர்வின்போது ஆவணங்களை இழந்து, பின்னர் புதிதாகப் பெற்றவர்கள் இதில் இன்னும் கவனமாக இருங்கள்.

இரண்டாவது, வேறுபாடு இருந்தால் இங்கேயே திருத்துங்கள். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அதற்கான வழியைச் சொல்வார்கள். அங்கே போன பின் இதைச் செய்ய, ஒரு உறவினர் உங்களுக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

மூன்றாவது, படிவத்தில் இரண்டாவது குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் கண்டு, இல்லாத ஒரு பெயரை எழுதி நிரப்பாதீர்கள். ஒரு குடும்பப் பெயர் மட்டுமே உள்ள வெளிநாட்டவருக்காக "உனிக்கோ அப்பெயிதோ" என்று எழுதும் வழக்கம் அங்கே உண்டு. "ஒரே குடும்பப் பெயர்" என்பது அதன் பொருள். இச்சொற்றொடரை மனப்பாடம் செய்யுங்கள்.

நான்காவது, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காவற்றுறை நற்சான்றிதழ் ஆகியவற்றைப் புதிதாகப் பெறுங்கள். பழைய பிரதிகளை வதிவிட விண்ணப்பத்துக்கு ஏற்பதில்லை. அவற்றை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பின்னர் கொஸ்டாரிக்கத் தூதரகத்தின் உறுதிப்படுத்தலையும் பெற வேண்டும். ஸ்பானிய மொழிபெயர்ப்பை அந்நாட்டு அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடமே செய்ய வேண்டும். படித்த உறவினர் செய்து தந்த மொழிபெயர்ப்பு செல்லாது.

4. வதிவிட அனுமதி

குடிவரவுக்குப் பொறுப்பான திணைக்களத்தை மக்கள் சுருக்கமாக "மிக்ராசியோன்" என்பர். அதன் தலைமை அலுவலகம் சான் ஹோசேயின் லா உருக்கா பகுதியில் உள்ளது. வெளிநாட்டவருக்கு அது வழங்கும் அடையாள அட்டையின் பெயர் "திமெக்ஸ்". வங்கிக் கணக்கு, வேலை, வைத்திய வசதி எல்லாவற்றுக்கும் இந்த அட்டையே திறவுகோல்.

உல்லாசப் பயணியாக நுழைந்தவர் வேலை செய்ய முடியாது. ஓய்வூதியம் பெறுவோருக்கான வதிவிட வகைக்கு மாதம் 1,000 அமெரிக்க டொலர் ஓய்வூதியத்தைக் காட்ட வேண்டும். நிலையான வருமானமுள்ளோர் வகைக்கு மாதம் 2,500 டொலரைக் காட்ட வேண்டும். இந்த இரு வகையினரும் பிறரிடம் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை. தற்காலிக வதிவிடத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைக்கு எங்களைப் போன்ற நாட்டவர் ஏழு ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். ஸ்பானிய மொழியிலும் நாட்டின் வரலாற்றிலும் பரீட்சை உண்டு.

அனுமதி முடிந்த பின்னும் தங்கியவருக்கு, மேலதிகமாகத் தங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் 100 டொலர் தண்டம் என்று சட்டம் சொல்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, அனுமதி இல்லாதவர் தன் உரிமையைக் கேட்கப் பயப்படுவதே. சம்பளம் தராத முதலாளியைப் பற்றி முறையிடவும் அவர் அஞ்சுவார். அட்டை முடியும் திகதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். புனித வாரத்திலும் டிசம்பர் இறுதியிலும் அரச அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

தாய்நாட்டுக்குத் திரும்புவதால் உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து என்று அஞ்சுபவர்கள் கவனிக்க: கொஸ்டாரிக்கா 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் 1978இல் இணைந்த நாடு. புகலிட விண்ணப்பத்தை மிக்ராசியோனின் அகதிகள் பிரிவில் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வந்தவுடனேயே விண்ணப்பியுங்கள், தாமதம் உங்களுக்கு எதிராகவே அமையும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறாதீர்கள். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையத்துக்கும் சான் ஹோசேயில் அலுவலகம் உண்டு.

5. வீடும் விலாசமும்

வீதிப் பெயரும் இலக்கமும் கொண்ட விலாசத்தைக் கொஸ்டாரிக்காவில் அரிதாகவே காண்பீர்கள். "தேவாலயத்திலிருந்து 200 மீற்றர் வடக்கு, 50 மீற்றர் கிழக்கு, பச்சை நிறப் படலை" என்பதே விலாசம். இங்கே "100 மீற்றர்" என்பது ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரையான தூரம். அளந்து பார்த்த 100 மீற்றர் அல்ல. சான் பெத்ரோ பகுதியில், எப்போதோ இல்லாமற்போன ஓர் அத்தி மரத்தை இன்றும் "பழைய இகெரோன்" என்று சொல்லி வழி காட்டுகிறார்கள். ஆலடி, புளியடி என்று மரம் போன பின்னும் பெயர் சொல்லும் எங்களுக்கு இது புதிதல்ல. உங்கள் வீட்டு விலாசத்தை அயலவர் ஒருவரிடம் சொல்லச்சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸை அழைக்கும்போது அது தேவைப்படும்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்யுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கான ஒப்பந்தத்தில் குறைவான காலம் எழுதியிருந்தாலும், ஆகக் குறைந்தது மூன்று ஆண்டுகள் குடியிருக்கும் உரிமையை 1995ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தருகிறது. விளங்காத ஸ்பானிய ஒப்பந்தத்தில் அன்றே கையொப்பமிட வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மின்சாரம் 120 வோல்ற். இலங்கையில் 230 வோல்ற்றுக்கு வாங்கிய கிரைண்டரையும் சோறு ஆக்கும் மின்குக்கரையும் சுமந்து செல்லாதீர்கள். அங்கே அவை ஒழுங்காக இயங்கா. கைத்தொலைபேசி மின்னேற்றிகள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். தட்டையான முனைகளுள்ள செருகி தேவைப்படும். குழாய் நீரை நாட்டின் பெரும்பாலான இடங்களில் அப்படியே குடிக்கலாம். வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகச் செல்லும். கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

6. வேலை, பணம், சாப்பாடு

நாணயம் கொலோன். அண்மைய ஆண்டுகளில் ஒரு டொலர் 500 முதல் 700 கொலோன் வரை ஏறி இறங்கியிருக்கிறது. வாழ்க்கைச் செலவு இலங்கையை விட அதிகம். சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்து மகிழாமல், அங்குள்ள வாடகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் "சின்பே மோவில்" என்ற முறை சந்தை மரக்கறிக்காரர் வரை பரவியுள்ளது.

பகல் வேலை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம். ஐம்பது வார வேலைக்கு இரண்டு வாரச் சம்பளத்துடனான விடுமுறை உண்டு. டிசம்பர் மாதத்தின் முதல் 20 நாட்களுக்குள் "அகினால்தோ" எனப்படும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அதை அன்பளிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலாளி உங்களைச் சமூகக் காப்புறுதியிலும் பதிய வேண்டும். கடவுச்சீட்டை எந்த முதலாளியிடமும் "பாதுகாப்புக்காக" ஒப்படைக்காதீர்கள். முறைப்பாட்டைத் தொழில் அமைச்சில் இலவசமாகக் கொடுக்கலாம்.

சோறு இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். காலை உணவான "காயோ பிந்தோ" சோறும் கறுப்பு அவரையும் சேர்ந்தது. மதியம் "சோதா" எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் "கசாதோ" என்று கேட்டால் சோறு, அவரை, வாழைப்பழப் பொரியல், மரக்கறி, மீன் அல்லது இறைச்சி வரும். மரவள்ளி, வாழை, தேங்காய், பப்பாசி எல்லாம் சந்தையில் கிடைக்கும். லிமோன் பகுதியில் சோற்றைத் தேங்காய்ப்பாலில் ஆக்குகிறார்கள். கறித்தூளை மட்டும் கொண்டுபோங்கள்.

7. சுகாதாரமும் பாதுகாப்பும்

1941இல் தொடங்கிய சமூகக் காப்புறுதி நிறுவனத்தை மக்கள் "காஹா" என்பர். வதிவிட அனுமதி பெற்றவர் அதில் சேர்வது கட்டாயம். சேர்ந்த பின் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள "எபாயிஸ்" என்னும் சிறு சிகிச்சை நிலையத்துக்கே முதலில் போக வேண்டும். பெரிய வைத்தியசாலைக்கு அவர்களே அனுப்புவார்கள். அவசர நிலையில் யாரும் நேரடியாகப் போகலாம். அவசர அழைப்பு எண் 911. நீங்கள் தொடர்ந்து எடுக்கும் மருந்துகளின் வேதிப் பெயரை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிச் செல்லுங்கள். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும்.

நிலநடுக்கம் அங்கே அடிக்கடி வரும். 2012 செப்டெம்பர் 5ஆம் திகதி நிக்கோயா குடாநாட்டில் 7.6 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. நிலம் ஆடும்போது கண்ணாடியை விட்டு விலகி, உறுதியான மேசையின் கீழ் குனிந்திருங்கள், படிகளில் ஓடாதீர்கள். கடற்கரையில் இருக்கும்போது பலத்த அதிர்வை உணர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்குப் போங்கள். 2004ஐ அனுபவித்த எங்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

8. பிள்ளைகளும் மொழியும்

அரச பாடசாலைக் கல்வி இலவசம், கட்டாயம். கல்வியாண்டு பெப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். பிறப்புச் சான்றிதழையும் முன்னைய பாடசாலையின் தேர்ச்சி அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரின் அனுமதிப் பத்திரம் இன்னும் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் மறித்து வைக்காதீர்கள். பிள்ளையின் கல்வி உரிமை அதில் தங்கியிருக்கவில்லை.

பிள்ளைகள் சில மாதங்களில் ஸ்பானிய மொழி பேசத் தொடங்குவார்கள். பெற்றோர் அவர்களையே மொழிபெயர்ப்பாளராக எல்லா இடத்துக்கும் அழைத்துச் செல்வது வழக்கமாகிவிடும். கடைக்குப் போகும்போது அது பரவாயில்லை. வைத்தியரிடமும் குடிவரவு உத்தியோகத்தரிடமும் அப்படிச் செய்யாதீர்கள். தாயின் நோயையும் தகப்பனின் பழைய துன்பத்தையும் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல நேர்வது அதற்குப் பெரிய பாரம். நீங்களும் படியுங்கள். புறப்படுமுன் நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் படித்தால், மூன்று மாதத்தில் நானூறுக்கு மேல் சேரும்.

முதலில் இவை: புவெனோஸ் தியாஸ் (காலை வணக்கம்), பொர் ஃபவோர் (தயவுசெய்து), கிராசியாஸ் (நன்றி), மாஸ் தெஸ்பாசியோ (இன்னும் மெதுவாக), நோ எந்தியெந்தோ (விளங்கவில்லை), மே யாமோ (என் பெயர்), நெசெசித்தோ அயுதா (உதவி தேவை). நன்றி சொன்னால் "கொன் முச்சோ குஸ்தோ" என்று மறுமொழி வரும். "பூரா வீதா" என்பது வணக்கம், நலம், நன்றி எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். எவரையும் "உஸ்தே" என்று, அதாவது "நீங்கள்" என்று, அழைத்தால் பிழை வராது. அங்கே குடும்பத்துக்குள்ளும் அப்படி அழைப்பவர்கள் பலர். ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று "ஊப்பே!" என்று குரல் கொடுங்கள். படலையில் நின்று கூப்பிடும் எங்கள் ஊர்ப் பழக்கமே அது.

அயலவரைக் கண்டால் முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். உறவினர் இல்லாத ஊரில் உறவு அப்படித்தான் தொடங்கும்.

அப்பியாசம்

அ. குடும்பத்தில் ஒவ்வொருவருடைய முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ளபடி ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வேறுபாடுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அத்தாளை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவாருங்கள்.

ஆ. பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு இடைத்தங்கல் நாட்டுக்கும் இடைவழி வீசா தேவையா என்று கேட்டு எழுதுங்கள்.

இ. கொஸ்டாரிக்காவுக்குப் பொறுப்பான இலங்கைத் தூதரகம் எது என்பதை வெளிவிவகார அமைச்சிடம் கேட்டு, அதன் தொலைபேசி எண்ணைக் கடவுச்சீட்டு உறையினுள் வையுங்கள்.

ஈ. மேலே தந்த ஸ்பானியச் சொற்களை இன்று இரவே ஒருவரையொருவர் கேட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு, உறுதிப்படுத்தப்பட்ட மூல ஆவணங்கள், மருந்தும் மருந்துச் சீட்டும், தங்குமிடத்தின் விலாசமும் தொலைபேசி எண்ணும், முதல் ஒரு வாரச் செலவுக்குச் சிறிய டொலர் தாள்கள். மூல ஆவணங்களை ஒருபோதும் பெரிய பயணப்பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள். எல்லா ஆவணங்களினதும் ஒரு பிரதியை இங்கே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.